காங்கோ போரை 'இனக்கலவரம்' என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜனவரியில் கோமா நகரம் ருவாண்டா ஆதரவு பெற்ற எம்-23 கிளர்ச்சிப் படையிடம் விழுந்ததிலிருந்து கிழக்கு காங்கோ பற்றிய செய்திகளில் 'இனக்கலவரம்', 'கனிமச் சண்டை' என்ற சொற்களே அடிபடுகின்றன. இரண்டும் முக்கியமான ஒன்றை மறைத்துவிடுகின்றன. ருவாண்டா தன்னைவிட ஏறக்குறைய 90 மடங்கு பெரிய அண்டை நாட்டுக்குள் படையோடு இரண்டு முறை புகுந்ததில்தான் அங்கே வட்டாரப் போர் மூண்டது.

வேர் அகதி முகாம்களில் இருக்கிறது. 1994-ல் நூறு நாட்களில் சுமார் 8 லட்சம் பேர், பெரும்பாலும் துட்சி இனத்தவர், ருவாண்டாவில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஜூலையில் துட்சிகள் தலைமையிலான கிளர்ச்சிப் படை ஆட்சியைப் பிடித்ததும் 10 லட்சத்துக்கும் அதிகமான ஹுட்டு இனத்தவர் ஜயர் நாட்டுக்கு (இன்றைய காங்கோ) ஓடினார்கள். கொலை செய்த பழைய ராணுவமும் இன்டெரஹாம்வே என்ற ஹுட்டு ஆயுதக் கும்பலும் அந்தக் கூட்டத்தோடேயே போய்ச் சேர்ந்தன. அகதிகளை எல்லையிலிருந்து தள்ளிக் குடியமர்த்த வேண்டும் என்கிறது 1969-ன் ஆப்பிரிக்க அகதிகள் உடன்படிக்கை. முகாம்களோ எல்லையை ஒட்டியே அமைந்தன. ஆயுததாரிகளைப் பிரித்தெடுக்கப் படை அனுப்புமாறு ஐ.நா. கேட்டது, நாடுகள் கைவிரித்தன. நிவாரணப் பங்கீடே கொலைகாரர்கள் கைக்குப் போனது. அங்கிருந்து ருவாண்டாவுக்குள் தாக்குதல்கள் தொடர்ந்தன.

1996 அக்டோபரில் ருவாண்டா புகுந்தது. காங்கோ கிளர்ச்சித் தலைவர் லோரான் கபிலாவை முன்னே நிறுத்தி, உகாண்டா, அங்கோலா துணையோடு 1997 மே 17-ல் தலைநகர் கின்ஷாசாவைப் பிடித்து சர்வாதிகாரி மொபுட்டுவை விரட்டியது. மேற்கே தப்பி ஓடிய ஹுட்டு அகதிகள் பல்லாயிரக்கணக்கில் கொல்லப்பட்டதும் அப்போதுதான். அதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு பாதிதான்.

1998 ஜூலை இறுதியில், அதிபராகிவிட்ட கபிலா, வெளிநாட்டுப் படைகள் வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டார். ஆகஸ்ட் 2-ல் ருவாண்டா ஆதரவோடு கிழக்கில் கிளர்ச்சி வெடித்தது. இரண்டே நாளில், ஜூலை வரை காங்கோ ராணுவத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ருவாண்டா அதிகாரி ஜேம்ஸ் கபரேபே, கோமா விமான நிலையத்தில் பயணிகள் விமானங்களைக் கைப்பற்றி, வீரர்களை ஏற்றிக்கொண்டு நாட்டின் மறுகோடியான அட்லாண்டிக் கரைக்குப் பறந்தார். அங்கே கிட்டோனா தளத்தில் மொபுட்டுவின் பழைய சிப்பாய்கள் பசியும் பட்டினியுமாகக் கிடந்தார்கள். அவர்கள் பக்கம் மாறினார்கள். அடுத்து மட்டாடி துறைமுகம். அடுத்து இங்கா அணை. தலைநகருக்கு மின்சாரம் நின்றது. விளக்கு மட்டுமல்ல, குடிநீர் பம்புகளும் மருத்துவமனைகளும் முடங்கின. ஆகஸ்ட் கடைசியில் சண்டை கின்ஷாசாவின் புறநகருக்கே வந்துவிட்டது.

ருவாண்டாவின் கணக்கு தப்பியது அங்கோலா விஷயத்தில். கிட்டோனா இருக்கும் குறுகிய கடற்கரை, அங்கோலாவின் எண்ணெய் வளமிக்க கபிண்டா மாகாணத்துக்கும் அதன் மற்ற நிலப்பரப்புக்கும் நடுவில் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் தன்னை எதிர்த்த யூனிட்டா கிளர்ச்சியாளர்களுக்குக் காங்கோ வழியே மீண்டும் ஆயுதம் வந்துவிடும் என்று அங்கோலா அரசு அஞ்சியது. அங்கோலா டாங்கிகள் பின்பக்கமாக வந்து கிட்டோனாவை மீட்டன. ஜிம்பாப்வேயும் நமீபியாவும் கபிலாவுக்குத் துணையாகக் கின்ஷாசாவுக்கு வந்து நின்றன. பிறகு சாட் வந்தது. எதிர்ப்பக்கம் ருவாண்டா, உகாண்டா, புருண்டி. ஒரு மாதத்துக்குள் முடிக்க நினைத்த படையெடுப்பு ஐந்தாண்டு போராகியது.

கனிமம் இந்தப் போரை மூட்டவில்லை, அணையாமல் வைத்திருந்தது. கோல்டான் (மின்னணுக் கருவிகளுக்கான தாது), வைரம், தங்கம் இருந்த இடங்களை விட்டுப் போக யாருக்கும் மனமில்லை. 2000 ஜூனில் கூட்டாளிகளான ருவாண்டாவும் உகாண்டாவுமே கிசங்கானி நகருக்குள் ஆறு நாள் ஒருவரையொருவர் குண்டு வீசித் தாக்கினார்கள். செத்தது ஊர் மக்கள். போரிலும் அதன் பின்விளைவுகளிலும் 54 லட்சம் பேர் மாண்டதாகச் சொல்லும் மதிப்பீட்டைச் சில ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் பெரும்பாலோர் இறந்தது மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் பட்டினியாலும் என்பதில் ஐயமில்லை.

உகாண்டா 32.5 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று 2022-ல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ருவாண்டா மீதான வழக்கோ, விசாரிக்க அதிகாரம் இல்லை என்று 2006-லேயே தள்ளுபடியானது. ஆகவே அடுத்த முறை கோமா செய்தி வரும்போது, யார் படை யார் மண்ணில் நிற்கிறது என்பதை முதல் பத்தியிலேயே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை