கொரியப் போரின் வண்ணப் படங்களும் வண்ணமேற்றிய படங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரியப் போரில் பறந்த ஜெட் விமானங்களைப் பற்றிச் சென்ற இதழில் தாங்கள் வெளியிட்டிருந்த வண்ணப் படத்தொகுப்பை மிகுந்த ஆர்வத்துடன் பார்த்தேன். ஜெட் விமானங்கள் இரு தரப்பிலும் நின்று வானில் மோதிக்கொண்ட முதல் போரான அதற்கு இத்தனை பக்கங்கள் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால், அக்காலத்திலேயே வண்ணச் சுருளில் எடுக்கப்பட்ட படங்களும், கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இன்றைய மென்பொருளால் நிறமேற்றியவையும் எந்தக் குறிப்புமின்றி அதில் அடுத்தடுத்து இடம்பெற்றிருந்தன. இதைச் சிறு குறையென்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்கரின் எஃப்-86 சேபரும் சோவியத் ஒன்றியத்தின் மிக்-15 விமானமும் தொலைவிலிருந்து பார்த்தால் ஏறத்தாழ ஒரே வடிவம் கொண்டவை. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகள், மூக்கிலேயே காற்று புகும் வாய், பெரும்பாலும் வண்ணம் பூசாத உலோக உடல் ஆகியவை இரண்டுக்கும் பொது. வட கொரியாவுக்கும் சீனாவுக்கும் எல்லையான யாலு ஆற்றுக்குத் தெற்கே இவை எதிரெதிராகப் பாய்ந்து வந்தபோது, வருவது நம்மவரா பகைவரா என்று முடிவெடுக்க விமானிக்குக் கிடைத்தவை சில விநாடிகளே. அதனால்தான் சேபர்களின் உடலிலும் இறக்கைகளிலும் கறுப்பு விளிம்பிட்ட அகன்ற மஞ்சள் பட்டைகள் தீட்டப்பட்டன. கறுப்பு வெள்ளைச் சுருளில் அந்த மஞ்சள் வெளிர்சாம்பலாகவே பதியும். நிறமேற்றும் மென்பொருள் அதை வெள்ளை என்று ஊகித்துவிடுகிறது. தங்கள் தொகுப்பிலும் ஒரு சேபர் வெள்ளைப் பட்டையுடன் நிற்கிறது. அமெரிக்கக் கடற்படையின் பாந்தர் விமானங்கள் அப்போரில் பூண்டிருந்த பளபளப்பான கருநீலமோ மற்றொரு படத்தில் மங்கிய பச்சையாகியிருக்கிறது. ஒரு விமானியின் உயிரைக் காத்த நிறத்தையே மாற்றிக் காட்டும் படத்தை வரலாற்று ஆவணம் என்று எப்படிக் கொள்வது?

உண்மையான வண்ணப் படங்களின் அருமை அவை உருவான விதத்திலும் இருக்கிறது. லியோபோல்ட் மான்ஸ், லியோபோல்ட் கொடோவ்ஸ்கி என்னும் இரு இசைக்கலைஞர்கள் உருவாக்கி, 1935-இல் கோடாக் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த கோடாக்ரோம் சுருளில்தான் அக்காலத்து வண்ண ஸ்லைடுகளில் பல எடுக்கப்பட்டன. விடுப்பில் ஜப்பான் சென்று கேமரா வாங்கி வந்த விமானிகளும் தரைப் பணியாளர்களும் தம் சொந்த நினைவுக்காக எடுத்தவையே அவற்றில் மிகுதி. அச்சுருளின் ஒளியுணர்வு வேகம் வெறும் 10. நல்ல வெயில் இல்லாவிட்டால் அசையும் எதையும் தெளிவாகப் பிடிக்க முடியாது. எனவேதான் இப்படங்களில் வான்போர் அரிது. தென் கொரியாவின் கிம்போ, சுவோன் விமானத் தளங்களில் நின்ற விமானங்கள், துளையிட்ட இரும்புத் தகடுகள் பாவிய தளங்கள், குண்டுப் பெட்டிகளின்மேல் அமர்ந்து காத்திருக்கும் இளைஞர்கள் என இவையே நிறைந்திருக்கின்றன. நீல வானில் அணிவகுத்துப் பறக்கும் சேபர்கள் மட்டும் துல்லியமாக விழுந்ததற்குக் காரணம், படமெடுத்தவரும் அதே வேகத்தில் அருகிலேயே பறந்ததுதான். அன்றைய வேறு பல வண்ணச் சுருள்கள் சிவந்து வெளிறிவிட்ட நிலையில், இருளில் பாதுகாக்கப்பட்ட கோடாக்ரோம் எழுபது ஆண்டுகள் கடந்தும் நிறம் மாறாமல் இருக்கிறது. இவ்வளவு உறுதியான சான்று கையில் இருக்கும்போது ஊகத்தால் ஏற்றிய நிறத்தை அதற்குச் சமமாக வைப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

விளக்கக் குறிப்பு ஒன்றிலும் திருத்தம் தேவை. அமெரிக்க நட்சத்திரச் சின்னத்துடன் நிற்கும் மிக்-15 விமானத்தைப் "போர்க்களத்தில்" என்று குறித்திருந்தீர்கள். வட கொரிய விமானி நோ கும் சோக் 1953 செப்டம்பர் 21 அன்று தப்பி வந்து கிம்போவில் கொண்டுவந்து இறக்கிய விமானம் அது. போர்நிறுத்தம் அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பே, ஜூலை 27 அன்று கையெழுத்தாகிவிட்டது. பின்னர் ஒகினாவாவில் சோதித்துப் பார்ப்பதற்காகவே அதன்மீது அமெரிக்கச் சின்னம் தீட்டப்பட்டது. இன்று அவ்விமானம் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் உள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில், மீண்டும் வட கொரியச் சின்னங்களுடன் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இப்படங்கள் அழகானவை, அந்த அழகிலேயே பார்வை நின்றுவிடும் அபாயமும் உண்டு. இறக்கையடியில் குண்டுகளுடன் நிற்கும் எஃப்-84 தண்டர்ஜெட் படத்தின் கீழ் அதன் வேகமும் எடையும் மட்டுமே தரப்பட்டிருந்தன. 1953 மே 13 அன்று இவ்வகை விமானங்கள்தாம் பியோங்யாங்குக்கு வடக்கே டோக்சான் அணையைக் குண்டுவீசித் தாக்கின. அன்றிரவே அணை உடைந்து, பள்ளத்தாக்கு நெடுகிலும் நெல்வயல்களை வெள்ளம் அடித்துச் சென்றது. ஸ்லைடு எடுத்தவர்களில் பெரும்பாலோர் ஒரே தரப்பினர் என்பதால், வானிலிருந்து விழுந்தவற்றைத் தாங்கிய கொரிய மக்கள் இப்படங்களுக்குள் அரிதாகவே வருகிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லக்கூடிய இடம் படத்தின் கீழுள்ள அந்த இரண்டு வரிகளே.

ஆகவே, இனி இத்தகைய தொகுப்புகளில் ஒவ்வொரு படத்தின் கீழும் அது வண்ணத்திலேயே எடுக்கப்பட்டதா, பின்னர் நிறமேற்றப்பட்டதா என்பதையும், எடுக்கப்பட்ட ஆண்டையும் இடத்தையும், அவ்விமானம் அங்கு ஆற்றிய பணியையும் குறிப்பிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மேற்சொன்ன மிக்-15 குறிப்புக்கான திருத்தத்தை அடுத்த இதழிலேயே வெளியிட்டால் மகிழ்வேன்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி