தெலுங்கு எழுத்தில் திருப்பாவை: நகரி மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் எடுத்த முக்கிய முடிவு, மார்கழி முழுக்கத் திருப்பாவையை வாட்ஸ்அப்பில் நாளுக்கொரு பாட்டாக அனுப்புவது. மொத்தம் 30 பாட்டுதானே, சுலபம் என்று நானும் தலையாட்டிவிட்டேன். ஆந்திரத்தில் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தது தெலுங்கும் இங்கிலீஷும்தான். தமிழ் எழுத்தில் அனுப்பினால் பாட்டி படிப்பார், பேரன் தள்ளிவிட்டுப் போவான். ஆகவே தெலுங்கு எழுத்திலும் தர வேண்டியதாயிற்று. ஆண்டின் பாதி உழைப்பு அதிலேயே போனது.

முதல் நாள் ஒரு செயலியில் போட்டு மாற்றி, சரிபார்க்காமல் அனுப்பினேன். தவறு என்னுடையது. தமிழுக்கு ஒரே ‘க’ போதும். எங்கே அழுத்துவது, எங்கே மென்மையாகச் சொல்வது என்று நம் வாய்க்கே தெரியும். தெலுங்கில் அவற்றுக்குத் தனித்தனி எழுத்து. செயலியோ எல்லா இடத்திலும் அழுத்தமான ககரத்தையே போட்டது, ழகரத்தை ளகரமாக்கியது. பஜனைக் கோயில் மைக்கில் ஒரு பையன் “மார்க்களித் திங்க்கள்” என்று தொடங்கினான். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “களி திருவாதிரைக்குத்தானேப்பா, அதுக்குள்ள என்ன அவசரம்?”

ழகரத்துக்குத் தெலுங்கிலும் ஒரு பழைய எழுத்து உண்டு. கல்வெட்டோடு நின்றுபோன அது 2014-இல் யூனிகோடில் சேர்ந்தது. ஆசையாக அதைப் பயன்படுத்தினோம். பாதிப் பேர் போனில் வெறும் கட்டம் தெரிந்தது. கடைசியில் ளகரத்துக்குப் பக்கத்தில் புள்ளி வைப்பதென்று முடிவானது. சிவபுராணத்தின் முதல் வரியிலேயே ‘தாள் வாழ்க’ என்று இரண்டும் ஒட்டி வருகின்றன, புள்ளி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

எழுத்தை எவ்வளவு திருத்தியும் உண்மையில் கைகொடுத்தது குரல்தான். கீழத்தெரு அம்மா ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் முப்பதும் மனப்பாடம். அவர் சொல்லச் சொல்லப் பேத்தி பதிவு செய்து அனுப்பினாள். பதிவுக்கு நடுவே “நாக்கை மடிச்சுச் சொல்லுடி” என்று அதட்டுவதும் கேட்கும். அதை வெட்ட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

திருமலையில் மார்கழியில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவைதான் ஓதுகிறார்கள் என்பது பிள்ளைகள் பலருக்குப் புதிதாக இருந்தது. வேங்கடவன் சன்னதி வாசற்படிக்குக் குலசேகரன் படி என்று பெயர் வந்த காரணத்தையும் அனுப்பினோம்: படியாகக் கிடந்து உன் பவளவாயைக் காண வேண்டும் என்று தமிழில் பாடிய சேர நாட்டு ஆழ்வார் அவர். சிவராத்திரிக்குக் காளத்தி, அதாவது காளஹஸ்திப் பதிகங்கள். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம், நமக்குப் பக்கத்து ஊர் மாதிரி. ஆனாலும் அதற்கு வரவேற்பு குறைவு. ஒரு பதிகம் முழுவதையும் ஒரே மூச்சில் அனுப்பினால் யார் படிப்பார்கள்?

இரண்டு வருத்தங்கள். ஓர் உறுப்பினர் அண்மைக்கால உரைநூல் ஒன்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போட்டார். பாசுரம் எல்லோருக்கும் பொது; உரை அப்படியல்ல. உரை எழுதியவர் மறைந்து 60 ஆண்டு ஆகும்வரை உரிமை அவர் குடும்பத்துடையது. நீக்கச் சொன்னோம், கோபித்துக்கொண்டு குழுவிலிருந்து விலகிவிட்டார். அண்ணா திரும்பி வர வேண்டும். மற்றொன்று, கந்த சஷ்டி கவசத்தின் வாலில் “இதைப் பதினோரு பேருக்கு அனுப்பாவிட்டால்” என்று ஒட்டிவரும் மிரட்டல். முருகன் எப்போது இப்படிக் கேட்டார்? வாலை வெட்டியே போடுகிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். மைக் வாங்கிய ரசீது என்னிடம் இருக்கிறது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். தாத்தாக்கள் தெலுங்கு எழுத்தில் தேவாரம் எழுதி வைத்த நோட்டுகள் சில வீடுகளில் இருப்பதாகக் கேள்வி. அவர்கள் ழகரத்தை எப்படி எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு நாள் கொடுத்தால் போதும், படமெடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தந்துவிடுகிறோம்.