அசகுசால நம்ம பிள்ளையார்

அம்மா,

நல்லா இருக்கியா? அப்பாவுக்கு முட்டி வலி இப்ப எப்படி இருக்கு? போன்ல பேசுனா சாப்டியான்னு கேட்டுட்டு வச்சிடுற, அதான் இந்த தடவ உக்காந்து எழுதுறேன்.

ஞாயித்துக்கிழம இங்க டோக்கியோல அசகுசாங்கிற எடத்துக்குப் போயிருந்தேன், நிஹொம்பாஷில மாறி கின்சா லைன் புடிக்கணும், 1927ல ஓட ஆரம்பிச்ச லைன், ஜப்பான்லயே மொத சுரங்க ரயில் அதான். வெளிய வந்தா தேரோட்டத்துக்கு வந்த மாதிரி ஒரே ஜனம். காமினரிமோன் வாசல்ல ஒரு செவப்பு காயித விளக்கு தொங்குதும்மா, கிட்டத்தட்ட 4 மீட்டர் உயரம், 700 கிலோ! எல்லாரும் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு நகந்துடுறாங்க, நான் நேர் கீழ போய் அண்ணாந்து பாத்தேன், அடியில ஒரு டிராகன் செதுக்கியிருக்கு, அவ்ளோ அழகு.

உள்ள சென்சோஜி கோயில். 628ல சுமிதா ஆத்துல மீன் புடிச்ச அண்ணன் தம்பி வலையில கன்னோன் சாமி சிலை வந்துச்சாம், அத யார் கண்ணுலயும் காட்ட மாட்டாங்க. 1945ல குண்டு போட்டு கோயில் எரிஞ்சுபோச்சு, 1958ல திரும்ப கட்டிட்டாங்க. முன்னாடி பெரிய சட்டியில ஊதுவத்தி புகையுது, அந்தப் புகைய கையால அள்ளி தலையில, வலிக்கிற எடத்துல தடவிக்கிறாங்க. அப்பா முட்டிக்காக நானும் என் முட்டில தடவிக்கிட்டேன்.

100 யென் போட்டு சீட்டு எடுத்து குறி பாத்தேன், கெட்டதா வந்துச்சு. பயப்படாத, அந்த சீட்ட அங்கயே கம்பியில கட்டிட்டு வந்துடணும், கட்டிட்டேன்.

இப்பதான் முக்கியமான விஷயம். அங்கிருந்து பத்து நிமிஷம் நடந்தா ஆத்தோரம் சின்ன மேடு, அதுல மத்சுச்சியாமா ஷோடென்னு ஒரு கோயில், கூட்டமே இல்ல. ஆபீஸ்ல கூட வேல பாக்குற அக்கா சொல்லித்தான் போனேன். அந்த சாமி யாரு தெரியுமா, நம்ம பிள்ளையாரும்மா! இங்க காங்கிதென்னு பேரு. படியில, சுவத்துல எங்க பாத்தாலும் முள்ளங்கியும் சுருக்குப் பையும் செதுக்கி வச்சிருக்காங்க. இவருக்கு படையலே முள்ளங்கிதான், அங்கயே விக்கிறாங்க, ஒன்னு என் முழங்கை தண்டி இருந்துச்சு, கழுவுன ஈரத்தோட சில்லுன்னு. சிலைய காட்டல, மூடிதான் இருக்கு. எனக்குப் பரவால்ல, முள்ளங்கிய வச்சிட்டு அங்கயே ஓரமா மூணு தோப்புக்கரணம் போட்டேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சும்மா, ஊருல இருந்து யாரோ வந்து நிக்கிற மாதிரி இருந்துச்சு.

ஜனவரி 7 அங்க முள்ளங்கி திருவிழா, வேகவச்ச முள்ளங்கி தருவாங்களாம், லீவு சொல்லிட்டேன். வர்ற சதுர்த்திக்கு வீட்டுலயே கொழுக்கட்ட பண்ணப்போறேன். பூரணத்துக்கு ஒரு தேங்காய்க்கு எவ்ளோ வெல்லம்னு மறக்காம எழுது.

உன் செல்வி