மாதவியின் இரண்டாவது ஓலை

அன்புள்ள சுமதிக்கு,

உன் கடிதம் வந்தது. பேத்தி கைப்பிடித்து நடக்கிறாள் என்று படித்ததும் சிரித்துக்கொண்டே இருந்தேன். எனக்குக் கண் அறுவை முடிந்து, இப்போது சின்ன எழுத்தும் தெரிகிறது. விட்டுப்போன புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கணிகையர் பற்றி இருப்பதெல்லாம் ஆண்கள் எழுதியதுதானே என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் வைசாலியின் அம்பபாலியை மறந்துவிட்டாய். அந்த ஊரை ஆண்ட லிச்சவிகள் லட்சம் தருவதாகச் சொல்லியும் புத்தருக்குத் தான் வைத்த விருந்தை விட்டுத்தராதவள். பௌத்தப் பிக்குணிகளின் பாட்டுத் தொகுப்பான தேரிகாதையில் அவள் பெயரில் உள்ள பாட்டில், வண்டு நிறத்தில் இருந்த தன் கூந்தல் முதுமையில் சணல் நார் போலாகிவிட்டதைச் சொல்லி, உடம்பை அங்கம் அங்கமாகக் கணக்கெடுக்கிறாள். அழகை வைத்தே வாழ்ந்தவள் இத்தனை கூசாமல் சொல்கிறாளே!

முத்துப்பழனியும் கூசாதவள்தான். 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்தவள், தெலுங்கில் ராதையின் காதலைக் காவியமாகப் பாடினாள். தன்னைப் போல் அறிஞர்களுக்குப் பரிசளித்துச் சிறப்பித்தவள் தன் இனத்தில் வேறு யார் என்று முன்னுரையில் பெருமையாகக் கேட்கிறாள். பிறகு வந்த பதிப்பில் அந்த முன்னுரையையே எடுத்துவிட்டார்கள். 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் முழு நூலையும் வெளியிட்டார். அவரும் தேவதாசி மரபில் பிறந்தவர். ஆபாசம் என்று அரசு தடை போட்டது. விடுதலையை ஒட்டித்தான் அது நீங்கியது.

சரி, மாதவிக்கு வருகிறேன். சிலப்பதிகாரத்தில் அவளை எழுதியவர் இளங்கோ, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பிரிந்துபோன கோவலனுக்கு அவள் எழுதும் அந்த இரண்டு கடிதங்களைப் பார். முதலாவது தாழை மடலில், பிச்சி அரும்பை எழுத்தாணியாக்கிச் செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்து எழுதியது. அவள் ஆடல்மகள், எல்லாம் நடிப்பு என்று கோவலன் வாங்கவே மறுக்கிறான். இரண்டாவதில் பூவும் இல்லை, காமமும் இல்லை. 'அடிகள் முன்னர் யானடி வீழ்ந்தேன்' என்று தொடங்குகிறாள். பெற்றோர்க்குச் செய்யும் பணியை விட்டு, நீங்கள் குலமகளோடு இரவோடு இரவாகப் போகும்படி நான் என்ன பிழை செய்தேன் என்கிறாள்.

அவள் தூதன் கோசிகன் கொண்டுவந்த அந்த ஓலையின் முத்திரையில் அவள் கூந்தல் நெய் மணக்கிறது. பழைய மணம், கைவிட மனமில்லை அவனுக்கு. படித்துவிட்டு, அவள்மேல் குற்றமில்லை, எல்லாம் என் தீது என்று தெளிகிறான். அப்புறம் செய்கிறான் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இந்த வாசகம் என் பெற்றோருக்கும் பொருந்துகிறது, இதையே அவர்களிடம் கொடுத்துவிடு என்று கோசிகன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறான்! அவளுக்கென்று ஒரு வரி பதில் இல்லை. பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்கக்கூட அவள் சொற்கள்தான் வேண்டியிருந்தன. நீ அவனுக்காக எப்போதும் வக்காலத்து வாங்குவாயே, இதற்கு என்ன சொல்கிறாய்?

இன்னொன்றும் கேட்கவேண்டும். ஓலையைக் கொடுத்தனுப்பிவிட்டு அவன் கண்ணகியிடம் திரும்பிப் போகிறான். அவளிடம் இதைச் சொல்லியிருப்பானா? இளங்கோ வாயே திறக்கவில்லை. சொல்லியிருக்கமாட்டான் என்பது என் கட்சி. நீ யோசித்து எழுது.

அன்புடன்,
கமலா