புல்வெளியில் மரம் நட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீலகிரி உச்சிப் புல்வெளிகள் தரிசு நிலம் அல்ல. பள்ள மடிப்புகளில் சோலை எனும் அடர்காடு, திறந்த சரிவுகளில் புல் என்பதே அந்த மலையின் இயல்பு. உறைபனி விழும் சரிவில் சோலை மரக்கன்றுகள் கருகிவிடும். அங்கே போய் மரம் நடும் விழா நடத்துவது வேதனை தருகிறது.

19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இந்தப் புல்வெளிகளில் பரவிய சீகை (வாட்டில்) மரத்தை வெட்டினால் மட்டும் போதாது. அதன் விதைகள் மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடிருக்கும். வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் கூட்டமாக முளைக்கும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது நாற்றுகளை வேரோடு பிடுங்க வேண்டும், அதுவும் ஆண்டுதோறும். வெறுமையான இடங்களில் உள்ளூர்ப் புல்லின் தூர்களைப் பிரித்து நடலாம். வெட்டும் செலவோடு இந்தப் பராமரிப்புக்கும் அரசு நிதி ஒதுக்க வேண்டும்.

வாசகர், உதகமண்டலம்