அடிபட்டது குடோனில், சீட்டில் எழுதியது பைக் விபத்து

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் குடோன்களில் 16 வருடம் ஃபோர்க்லிஃப்ட் (முன்னால் நீட்டிய இரும்புக் கரங்களால் சரக்கைத் தூக்கும் வண்டி) ஓட்டியவன் நான். போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் வலது காலில் மாவுக்கட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினான். 22 வயது. காண்ட்ராக்டில் லோடு இறக்கப் போய் இரண்டு வாரம்தான். போட்டிருந்தது ரப்பர் செருப்பு. அதை அவன் அம்மா இன்னும் ஒரு பையில் வைத்திருக்கிறார், வார் அறுந்து, டயர் அச்சோடு.

அவன் காலில் ஏறியது ஃபோர்க்லிஃப்ட். இந்த வண்டிக்குப் பின்சக்கரம்தான் திரும்பும். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் பின்பக்கம் வலது பக்கமாக வீசிக்கொண்டு வரும். புதிதாக வந்தவன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபோர்க்கைப் பார்த்தே ஒதுங்குவான். அடி பின்னாலிருந்து வரும். 3 டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே 4 டன்னுக்கு மேல். இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

சரி, நடந்தது நடந்துவிட்டது. அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பைக்கிலிருந்து விழுந்ததாக ஆஸ்பத்திரி சீட்டில் இருக்கிறது. கூட்டிக்கொண்டு போன சூப்பர்வைசர் அப்படிச் சொல்லச் சொன்னாராம். வேலை போய்விடுமே என்று இவனும் தலையாட்டியிருக்கிறான்.

அந்த ஒரு வரியால் எவ்வளவு போகிறது தெரியுமா? வேலையில் அடிபட்டால், சேர்ந்த முதல் நாளாக இருந்தாலும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் குணமாகும்வரை சம்பளத்தில் 90 சதவீதம் உண்டு. சாதாரண உடம்பு முடியாமை என்றால் 70 சதவீதம்தான். அதற்கும் பொதுவாக 78 நாள் சந்தா வேண்டும். இரண்டு வாரப் பையனுக்கு ஒன்றும் கிடைக்காது. இ.எஸ்.ஐ. இல்லாத இடங்களிலும் முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்ற சட்டம் 1923லேயே வந்துவிட்டது. கணக்கில் விபத்தே இல்லை என்றால் அந்தக் குடோனில் நடைபாதைக்கு ஒரு மஞ்சள் கோடுகூடப் போடமாட்டார்கள். நான் வேலை பார்த்த நாளிலும் இப்படி இரண்டு சீட்டுகளைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

எலும்பு முறிந்து வருகிறவரிடம், கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு, 'எங்கே வேலை? எப்படி அடிபட்டது?' என்று டாக்டர்கள் கேட்க வேண்டும். உங்கள் பத்திரிகை இதை எழுத வேண்டும்.

திங்கட்கிழமை அவனை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குக் கூட்டிப் போகிறேன். செருப்பையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஆபரேட்டர்,
ஸ்ரீபெரும்புதூர்.