மூன்று ஸ்நாட்ச், ஒரு வீடியோ: அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

கல்லூரிகளுக்கு இடையிலான பளுதூக்கும் போட்டியில் அந்தப் பெண்ணுக்கு மூன்று ஸ்நாட்ச்சும் (பாரைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) தவறிய வீடியோவை நேற்று ராத்திரி உங்கள் பக்கத்தில் பார்த்தேன். மேலே "கோட்டா சீட்டுக்கு வந்தவ, வெயிட்டுக்கு வரல" என்று ஒரு வரி, பக்கத்தில் சிரிப்பு முகங்கள். வேறு யாராவது போட்டிருந்தால் தள்ளிவிட்டுப் போயிருப்பேன். நம்ம வேலூர் சத்துவாச்சாரியில் பளுதூக்கும் பாரைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட பையன்களில் பாதிப் பேர் உங்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். நேரில் சொன்னால் டீக்கடை என்றும் பார்க்காமல் சத்தம் போடுவீர்கள், அதுவும் ஒரு காரணம்.

அந்த வீடியோவில் என்ன இல்லை என்று முதலில் சொல்கிறேன். நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அவள் பிரிவில் அதிகமான தொடக்க எடை அவளுடையதுதான், 62 கிலோ. மற்றவர்கள் எல்லோரும் முடித்த பிறகுதான் அவள் மேடை ஏறினாள். இந்த விளையாட்டில் பாரில் எடை ஏறுமே தவிர இறங்காது. உங்களுக்குத் தெரியும், கீழே சிரித்தவர்களுக்குத் தெரியாது. முதல் முயற்சி தவறினால் அதே எடை, இல்லையென்றால் அதற்கும் மேல். நடுவில் தூக்க வேறு ஆள் இல்லாததால் அவளுக்கு இரண்டு நிமிடம்தான். அதற்குள் மூச்சு வாங்கி, கையில் சாக் பவுடர் தேய்த்து, கோச் சொல்வதைக் காதில் வாங்கி, மறுபடி பாருக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். மூன்றாவது தடவை பார் தலைக்கு மேல் போய்விட்டது அண்ணா. போன பிறகு வலது முழங்கை லேசாக மடங்கி நிமிர்ந்தது. இதற்குப் பெயர்தான் பிரஸ் அவுட். மூன்று ரெஃப்ரியில் இரண்டு பேர் சிவப்பு லைட் போட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான், விதி அப்படித்தான். ஸ்நாட்ச்சில் ஒன்றும் தேறவில்லை என்றால், அடுத்து வரும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) எவ்வளவு தூக்கினாலும் இரண்டையும் கூட்டும் மொத்தக் கணக்கு கிடையாது. ஒரு வருஷப் பயிற்சி அந்த முழங்கையோடு போனது. உங்கள் வீடியோவோ அவள் பாரைப் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொள்ளும் இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

விமர்சிக்க விஷயமா இல்லை? நிறைய இருக்கிறது. வார்ம்-அப்பிலேயே தடுமாறியவளுக்கு 62-ஐத் தொடக்கமாக வைத்தது யார்? அந்த எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தது அவள் இல்லை. பாதுகாப்பாக ஒன்றைத் தூக்கி மொத்தக் கணக்கைக் காப்பாற்றிவிட்டு, அப்புறம் பெரிய எடைக்குப் போவதுதானே நீங்கள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்த பாடம்? இதை நீங்கள் எழுதியிருந்தால் படிக்கிற பத்துப் பையன்களுக்கு உபயோகமாக இருந்திருக்கும். அவள் பெயரோ முகமோ அதற்குத் தேவையே இல்லை.

கீழே வந்ததைப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. "சிலிண்டர் தூக்கச் சொல்லுங்க" என்று ஒருவர். நிரம்பிய வீட்டு சிலிண்டர் கிட்டத்தட்ட முப்பது கிலோ. அதில் இரண்டைச் சேர்த்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டு போக அந்த அண்ணாச்சியை ஒருநாள் கூப்பிட வேண்டும். அதற்குக் கீழே அவள் உடம்பைப் பற்றி, கல்யாணத்தைப் பற்றி. இன்னொருவர் அவள் ஐடியைத் தேடிப்பிடித்து டேக் செய்திருக்கிறார். அவ்வளவுதான், ராத்திரிக்குள் ஹாஸ்டல் குரூப், காலையில் அவள் அப்பாவின் போன். அதையெல்லாம் நீங்கள் எழுதவில்லை, சரி. ஆனால் உங்கள் பக்கம். நீக்குகிற பட்டன் உங்களிடம்தான் இருக்கிறது.

நம்ம ஊர் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்துக்கு நீங்கள் வாதாடியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் என இரண்டு காமன்வெல்த் தங்கம் வாங்கியவரை, "ரியோ ஒலிம்பிக்கில் பதினோராவது இடம்தானே" என்று ஒருவன் இளக்காரமாகப் பேசினான். கிளாஸ்கோவில் தங்கம் வாங்கித் தந்தது 328 கிலோ, ரியோவில் அவர் தூக்கியது 329 என்று எடுத்துப் போட்டு அவன் வாயை அடைத்தது நீங்கள்தான். இடத்தைப் பார்க்காதே, தூக்கைப் பார் என்றீர்கள். நாட்டுக்காக ஆடிய, அடிபட்டுப் பழகிய ஒருவருக்குக் கொடுத்த நியாயத்தை இரண்டாம் வருஷம் பி.காம் படிக்கிற பெண்ணுக்குக் கொடுக்க ஏன் தோன்றவில்லை?

காசு வாங்குகிறவர்கள் திட்டும் வாங்கட்டும் என்பீர்கள். அமெரிக்காவில் 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். அங்கேயே, பந்தயத்தில் பணம் விட்டவர்கள் மாணவர்களைத் தேடித் தேடித் திட்டுவது தாங்காமல், 2024 மார்ச்சில் அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் தலைவர் சார்லி பேக்கர், தனித்தனி மாணவர்களின் ஆட்டத்தின் மேல் கட்டும் பந்தயத்தைத் தடை செய்யுங்கள் என்று மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். இங்கே இவளுக்குக் கிடைத்தது ஒரு டிராக் சூட்டும் பஸ் செலவும்.

மாணவர்களை ஒன்றுமே சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஊக்கமருந்து ஊசி போட்டுக்கொண்டு வந்தால், ரெஃப்ரி மேல் கை ஓங்கினால், தாராளமாக எழுதுங்கள். அப்போதும் செய்ததைப் பற்றி மட்டும்.

அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள் அண்ணா. மன்னிப்புப் பதிவெல்லாம் வேண்டாம், அதைப் படித்துவிட்டு இன்னும் நாலு பேர் வீடியோவைத் தேடுவார்கள். அவள் கோச்சின் நம்பர் உங்களிடம் இருக்கும். தொடக்க எடையைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். மடங்குகிற முழங்கையைச் சரிசெய்ய உங்களைவிட விவரம் தெரிந்தவர் இந்தப் பக்கம் அதிகம் பேர் இல்லை. பையன்களுக்காகத் தொடக்க எடையை எப்படி முடிவு செய்வது என்று ஒரு பதிவும் போடுங்கள். எனக்குத் தெரிந்த எல்லா குரூப்பிலும் அதை நானே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரியிலிருந்து உங்கள் தம்பி